பாட்டு அறையின் திரைகள்

ஜூன் 4, ஞாயிறு

ஹாலை ஒட்டிய சின்ன அறையில் நின்று கையைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் அடங்காமல் சுவருக்குச் சுவர் ஓடி, தகரத்தில் ஆணி சிந்தியதுபோல் கிணுகிணுத்தது. டைல்ஸ் தரை, வெறும் சுவர், திரையில்லாத கண்ணாடி ஜன்னல். பழைய போத்தனூர் வீட்டில் இதே ஸ்பீக்கர்கள்தான், இதே ஆம்ப்ளிபையர்தான். அங்கே குழைந்து வந்த நாகஸ்வரம் இங்கே பல்லைக் கூச வைக்கிறது.

மில்லில் இருந்த காலம் தொட்டு தினம் நாலு வரி எழுதும் பழக்கம். வீடு மாறிய அலுப்பில் விட்டுப்போனது. இந்த அறை சீராகும்வரையாவது எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். நெசவுப் பிரிவில் மாஸ்டராக ஓய்வு பெற்றவன். காலமெல்லாம் துணியோடும் பஞ்சோடும் கிடந்தவன். ஓர் அறைக்குத் துணி போர்த்தி அதன் வாயை மூட எனக்குத் தெரியாதா?

மனைவி லோகநாயகிக்கு வீடு இன்னும் பிடிபடவில்லை. பாத்ரூம் என்று நினைத்துச் சமையலறைக்குள் போகிறாள். பி.டி. டீச்சராக இருந்தவள். மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடும் பிள்ளையை விசில் இல்லாமலே நிறுத்துகிற தொண்டை. மறதி நோய் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வருகிறது, தொண்டையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. இங்கே அவள் ஒரு குரல் கொடுத்தால் சுவர் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. உள்ளே வேறு யாரோ கத்துகிறார்கள் என்று நினைத்து அவள் இன்னும் பெரிதாக அதட்டுகிறாள். மத்தியானம் முழுக்க இதே வேலை.

சாயங்காலம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வெங்கிடபதி வந்தார். சத்தம் கொஞ்சம் அதிகமாக இருப்பதாகச் சிலர் சொல்கிறார்களாம். ஸ்பீக்கரைக் குறைத்து வைக்கிறேன் என்றேன். பாட்டைச் சொல்லவில்லை என்று இழுத்தார். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

ஜூன் 11, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பவானி போய் ஜமக்காளம் வாங்கி வந்தேன். கடைக்காரர் செயற்கை நூலில் பளிச்சென்று ஒன்றை விரித்தார். வேண்டாம் என்று சொல்லி, கனமான பருத்தியில் சிவப்பும் கறுப்பும் பட்டை போட்டதை எடுத்தேன். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில் விரித்தாயிற்று. தரையில் பட்டுத் தெறிக்கும் கூர்மை பாதி போய்விட்டது. குரல் இப்போது குரலாக இருக்கிறது.

இதில் லோகுவுக்கும் நன்மை உண்டு. வெறும் தரையும் எதிரொலியும் இந்த நோய்க்காரர்களைக் குழப்பும், ஏதாவது விரித்து வையுங்கள் என்று டாக்டரே சொன்னார். அவள் ஜமக்காளத்தின் மேல் வெறுங்காலோடு நடந்து பார்த்தாள். பிறகு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, சாப்பிட்டாயிற்றா என்று என்னைக் கேட்டாள். சாதாரணக் குரல். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

ஆயிற்று என்றேன். ஆகவில்லை. எழுந்து போக மனசில்லை.

ஜூன் 18, ஞாயிறு

பக்கவாட்டுச் சுவரில் எந்த இடத்தில் துணி தொங்கவேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கேட்பவர் நாற்காலியில் உட்காரவேண்டும். இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போகவேண்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, அங்கேதான் சத்தம் பட்டுத் திரும்புகிறது.

வீட்டையும் லோகுவையும் பார்த்துக்கொள்ள வரும் செல்வமணிக்கு இன்று விடுமுறை. லோகுவிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். இடது பக்கம் என்றால் இடது பக்கம், நில் என்றால் நின்றாள். இடுப்பு நிமிர்ந்து, முட்டி மடங்காமல், பழைய அணிவகுப்பு நடை. முடிந்ததும், "மார்க் பண்ணிட்டீங்களா மாமா?" என்றாள்.

கல்யாணமான புதிதில் கூப்பிட்ட மாதிரி இருந்தது. பென்சிலால் சுவரில் குறி போட்டேன்.

கண்ணாடியைத் திரும்ப வாங்கப் போனபோது தர மறுத்துவிட்டாள். இழுத்தேன். அவளும் இழுத்தாள். விரலில் சின்னக் கீறல்தான், அவளுக்கு. கண்ணாடி உடையவில்லை.

ஜூன் 27, செவ்வாய்

செல்வமணி நின்றுவிட்டாள். பஸ் வசதி இல்லை என்கிறாள். ஒரு மாதமாக அதே பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தாள்.

போகும்போது லோகுவின் தலையை வாரிப் பின்னி, ரவிக்கைக் கையை இழுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, நீங்க ஒரு வாரம் எங்கியாச்சும் போயிட்டு வாங்க. இவங்க பாவமுங்க. நீங்களும் பாவந்தானுங்க" என்றாள். நான் எங்கே போவது?

வேறு ஆள் அனுப்புவதாக ஏஜென்சியில் சொல்லியிருக்கிறார்கள். முன்பும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஜூலை 5, புதன்

ஆள் வரவில்லை. படுக்கை விரிப்பு மூன்றாவது முறை மெஷினில் ஓடுகிறது. மழை மூட்டம், எதுவும் காய்வதில்லை. ஈர விரிப்புகளைப் பாட்டு அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். அவை தொங்கியபோது அறையின் சத்தம் இன்னும் அடங்கியிருந்தது. ஈரம் உலர உலர வித்தியாசம் தெரிந்தது. குறித்துக்கொள்ளத் தக்க விஷயம்.

குளிக்க வைப்பது பெரும்பாடு. தண்ணீரைக் கண்டாலே யாரோ கொல்ல வருவதுபோல் கத்துகிறாள். என் மணிக்கட்டில் கடித்துவிட்டாள். சோறு ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டு, நான் முகத்தைத் துடைக்கக் குனியும்போது துப்புகிறாள். அவள் வேண்டுமென்று செய்வதில்லை. இதை எனக்கே அடிக்கடி சொல்லிக்கொள்ளவேண்டியிருக்கிறது.

பாத்ரூம் சுவர்கள் முழுக்க டைல்ஸ். அவள் கத்துவது அங்கேதான் இரண்டு மடங்காகக் கேட்கிறது. அங்கே துணி தொங்கவிட முடியாது.

ஜூலை 6, வியாழன்

வலது கை வலிக்கிறது. எழுத முடியவில்லை. பாட்டும் வைக்கவில்லை.

ஜூலை 20, வியாழன்

ஆடித் தள்ளுபடி. கரூர்த் திரைத்துணி, கெட்டி நெசவு, சாம்பல் நிறம். கடைப் பையன் ஜன்னல் அகலம் கேட்டான். சொன்னேன். அதைப்போல் இரண்டு மடங்கு கிழி என்றேன். திரை பலகைபோல் விறைப்பாகத் தொங்கினால் பயனில்லை. மடிப்பு மடிப்பாக விழவேண்டும். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவேண்டும். அந்த இடைவெளிதான் பாதி வேலையைச் செய்கிறது.

பென்சில் குறி போட்ட இரண்டு இடத்திலும் தொங்கவிட்டாயிற்று. நாற்காலிக்குப் பின்சுவரில் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாத்தினேன். அது லோகுவின் மெத்தை. அவளுக்கு இப்போது ரெக்ஸின் மெத்தைதான் சரி, துடைத்துவிடலாம். மூலைகளில் திண்டுகளை அடுக்கினேன். கும்மென்று ஒலிக்கும் தாழ்ந்த சத்தம் மூலையில்தான் போய்த் தேங்கும்.

கையைத் தட்டினேன். தட்டிய இடத்திலேயே சத்தம் விழுந்து செத்தது.

கதவுக்கும் உள்பக்கம் ஒரு கனத்த திரை. கதவின் வெளியே ஒரு தாழ்ப்பாளும் போடச் சொன்னேன். ஆம்ப்ளிபையர் விலை உயர்ந்த பொருள். லோகு போய்க் குமிழ்களைத் திருகிவிடக்கூடும்.

ஜூலை 28, வெள்ளி

லிப்டில் வெங்கிடபதியைப் பார்த்தேன். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜமக்காளமும் திரையும் வேலை செய்கின்றன.

இப்போது ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் குரல் எடுக்கத் தொடங்குவாள். உடனே பாட்டு அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, தோடி ஆலாபனையோ எதுவோ வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறேன். ஹாலில் உட்கார்ந்தால் யாரோ அடுத்த தெருவில் கூப்பிடுவதுபோலத்தான் இருக்கிறது. எனக்கே அப்படி என்றால் பக்கத்து வீட்டுக்கு என்ன கேட்கப்போகிறது?

பாட்டு அவளைச் சாந்தப்படுத்தும் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. தவில் தொடங்கினால் இன்னும் கத்துகிறாள். ஆனாலும் அந்த நேரத்தில் நான் துணி மடிக்க முடிகிறது. பாத்திரம் கழுவ முடிகிறது. நேற்று சோபாவில் உட்கார்ந்தபடியே கொஞ்சம் தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, வியாழன். ஆடிப்பெருக்கு

பெங்களூரிலிருந்து மகள் சுகந்தி வீடியோவில் கூப்பிட்டாள். எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் செய்திருந்தேன். அதைக் காட்டினேன். பாட்டு அறையையும் காட்டினேன். ஸ்டுடியோ மாதிரி இருக்கிறது என்றாள்.

லோகுவுக்குக் காலர் வைத்த நைட்டி போட்டு உட்கார வைத்திருந்தேன். கன்னத்தில் என்ன என்று சுகந்தி கேட்டாள். பாத்ரூமில் வழுக்கிவிட்டாள், ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டுவிட்டேன் என்றேன். பார்த்துக்குங்கப்பா என்றாள். ஆள் கிடைத்தாரா என்று கேட்டாள். அடுத்த வாரம் வருகிறார் என்றேன். வாராவாரம் இதையே சொல்கிறேன். அவளும் வாராவாரம் சரி என்கிறாள்.

ஆகஸ்ட் 12, சனி

இன்று லோகு சத்தமே போடவில்லை. வாயைத் திறப்பாள், நான் கிட்டே போவேன், உடனே மூடிக்கொள்வாள். தோள் இரண்டையும் காதுவரை தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அறை நன்றாக வேலை செய்கிறது. நாகஸ்வரக்காரர் மூச்சு இழுப்பதுகூடத் தனியாகக் கேட்கிறது.

ஆகஸ்ட் 19, சனி

இதை எழுதவேண்டுமா என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் லோகுவைப் பாட்டு அறையில் விட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தபோது மணி அடித்தது. பக்கத்து வீட்டு மெர்சி. ஏதோ பள்ளிக்கூடத்தில் டீச்சர். கணவர் கப்பல் வேலையில் இருக்கிறார். படிக்கட்டில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி, வீட்டுக்கு வந்தவர் இல்லை.

தன் வீட்டுக்கு ஐந்து நிமிஷம் வந்துபோக முடியுமா என்று கேட்டார். அவள் தனியாக இருக்கிறாள், விட்டு வரமுடியாது என்றேன்.

"அவங்க என்ன செய்யறாங்கன்னு எங்க வீட்ல இருந்தே தெரியுமுங்க சார். வாங்க" என்றார்.

போனேன். ஹாலில் சோபாவைக் காட்டி உட்காரச் சொன்னார். சோபாவுக்குப் பின்னால் இருந்த சுவர் எங்கள் பாட்டு அறையின் சுவர் என்பது உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மெர்சி மின்விசிறியை நிறுத்தினார்.

நாகஸ்வரம் கேட்டது. மங்கலாக அல்ல. தவிலின் இடது கை அடிகூடச் சுவர் வழியாக முதுகில் வந்து தட்டியது. அதற்கு மேல் லோகுவின் குரல். ஒன், டூ, த்ரீ, போர் என்று அணிவகுப்புக்கு எண்ணிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு, கதவத் தெறங்க, கதவத் தெறங்க, நான் இனிமே சத்தம் போடமாட்டேன், கதவத் தெறங்க. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. எங்கள் ஹாலில் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

நான் எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெர்சி தரையைப் பார்த்தபடி பேசினார். வந்த புதிதில் செயலாளரிடம் புகார் சொன்னதே தான்தான் என்றார். ஜூலையில் தானே போய் அந்தப் புகாரை வாபஸ் வாங்கிவிட்டாராம்.

"அந்தம்மா சத்தம் போடறது எனக்குத் தொந்தரவே இல்லீங்க சார். போட்டுட்டே இருக்கறப்ப சட்டுன்னு நிக்குது பாருங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல."

என் கைகள் என் மடியில் இருந்தன. அரிசி களைந்த ஈரம் இன்னும் காயவில்லை.

போலீசுக்குச் சொல்ல ஒருநாள் போனை எடுத்ததாகவும், பிறகு நான் விரிப்புகளை மாடிக்குச் சுமந்து போவதைப் பார்த்து வைத்துவிட்டதாகவும் சொன்னார். அது தன் தப்பு என்றார். பிறகு, "உங்க பொண்ணு நம்பர் வேணுங்க சார். நீங்க குடுக்காட்டியும் செகரட்டரிகிட்ட இருக்கு. நீங்களே குடுத்தா நல்லாருக்கும்" என்றார்.

கொடுத்தேன். கடைசி எண்ணைத் தப்பாகச் சொல்லி, நானே திருத்தினேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

நெசவுக்காரனுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். மெத்தையும் திரையும் ஜமக்காளமும் அறைக்குள் சுற்றிச் சுற்றி வருகிற சத்தத்தைத்தான் குடிக்கும். சுவரைத் தாண்டிப் போவதை நிறுத்தாது. அதற்குச் செங்கல் வேண்டும், மணல் வேண்டும், கனம் வேண்டும். மெர்சி வீட்டுச் சுவரோ மெலிது, எங்கள் ஹால் பக்கம்தான் கதவும் கனத்த திரையும் மறைத்தன. நான் செய்ததெல்லாம் உள்ளே சுற்றிய குழப்பத்தைத் துடைத்து எடுத்தது. அவள் சொல் ஒவ்வொன்றும் இன்னும் துலக்கமாக அந்தப் பக்கம் போயிருக்கும்.

என் சொல்லும் போயிருக்கும். சொல் மட்டுமல்ல, மற்றதும்.

இன்று அவளை அந்த அறைக்குக் கூட்டிப்போகவில்லை. மத்தியானம் ஹாலிலேயே கத்தினாள். நான் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

சுகந்தி காலை ரயிலில் வந்தாள். மெர்சி என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பையை வைத்துவிட்டு நேராக அம்மாவைக் குளிக்கக் கூட்டிப்போனாள். கதவு சாத்தியிருந்தது. வெந்நீர் ஊற்றும் சத்தமும் சுகந்தி ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டே இருப்பதும் கேட்டது. லோகு கத்தவில்லை. நான் இட்லி வேகவைத்தேன். சட்னிக்குத் தாளிக்க மறந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது சுகந்தியின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. லோகுவைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு வந்து என் எதிரே நின்றாள்.

"அம்மாவை அடிச்சீங்களாப்பா?"

ரப்பர் விரிப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அது வழுக்கும் ரகம், மாற்றவேண்டும் என்று ஏதேதோ. அவள் குறுக்கே பேசவில்லை. நான் பேசி முடிக்கும்வரை அப்படியே நின்றாள். எனக்கே என் குரல் கேட்கத் தாங்காமல் நிறுத்தினேன்.

ஆமா என்றேன்.

எத்தனை தடவை என்றாள். எண்ணவில்லை என்றேன். அது உண்மைதான். எண்ணினால் எழுதவேண்டிவரும்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முடியலன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லப்பா" என்று மட்டும் சொன்னாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, போனில் பார்த்தபோதே தெரிந்தது, கன்னத்தில் இருந்தது விழுந்த காயம் இல்லை என்று தெரிந்தது, தெரியாத மாதிரி போனை வைத்துவிட்டேன் என்று சொல்லி அழுதாள். அவள் தோளைத் தொடலாமா என்று தெரியவில்லை. தொடவில்லை.

சாயங்காலம் பாட்டு அறைக்குள் போய் வெகுநேரம் நின்றாள். வெளியே வந்து ஸ்க்ரூ டிரைவர் கேட்டாள். வெளித் தாழ்ப்பாளைத் தானே கழற்றினாள். ஒரு ஸ்க்ரூ துருப்பிடித்துக் கழலவில்லை. நான் உதவட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள்.

ஆகஸ்ட் 28, திங்கள்

சுகந்தியின் வீட்டில் இடமில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், அவளுடைய மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. தொண்டாமுத்தூர் ரோட்டில் மறதி நோய்க்காரர்களுக்கென்று இருக்கும் இல்லம் ஒன்றை விசாரித்து, லோகுவை இன்று சேர்த்துவிட்டோம். காகிதங்களில் கணவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

சுகந்தி பொறுப்பாளர் தனலட்சுமியைத் தனியாக அழைத்துப் பேசினாள். நான் பின்னால் நின்றது அவளுக்குத் தெரியாது. அப்பா வரும்போது கூட ஒருத்தர் இருக்கணும் மேடம், தனியா விட்டுறாதீங்க என்றாள். அந்த அம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. குறித்துக்கொண்டார்.

அதுதான் சரி.

லோகு காரிலிருந்து இறங்கியபோது சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பையைத் தூக்கி வந்தேன்.

செப்டம்பர் 2, சனி

வீட்டில் சத்தம் இல்லை. ஒரு இசைத்தட்டை எடுத்துத் துடைத்துத் திரும்ப உறையில் போட்டேன்.

படிக்கட்டில் மெர்சியைப் பார்த்தேன். தலையசைத்தார். நானும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

முதல் தடவையாகப் பார்க்கப் போனேன். ஒரு பணிப்பெண் கூடவே வந்தாள்.

பெரிய கூடம். ஆண்களும் பெண்களுமாக வயதானவர்கள். சுத்தமாகத்தான் இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. வெள்ளை டைல்ஸ், வெள்ளைச் சுவர், வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். எவர்சில்வர் தட்டு ஒன்று விழுந்தால் கூடம் முழுக்க அதிர்கிறது. டிவி ஓடுகிறது. ஒருவர் இருமுகிறார், ஒருவர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், நாற்காலியை யாரோ இழுக்கிறார்கள். எல்லாம் மேலே போய் ஒன்றாகக் கலந்து திரும்பக் கொட்டுகிறது. பழைய தறிக்கூடம் பரவாயில்லை, அங்கே ஒரே சத்தம்தான்.

லோகு மூலையில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து இப்படித்தான், சாப்பிடும்போதுகூடக் கையை எடுப்பதில்லை, ஊட்டிவிடுகிறோம் என்றாள் பணிப்பெண். டாக்டர் மாத்திரையைக் கூட்டலாமா என்று யோசிக்கிறாராம்.

கிட்டே போகவில்லை. தூணருகே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

தனலட்சுமியிடம் போய், கூடத்துக்குத் திரை போட்டால் சத்தம் குறையும், என்னிடம் இருக்கிறது, கொண்டுவந்து மாட்டித் தரட்டுமா என்று கேட்டேன். சுகந்தியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

செப்டம்பர் 13, புதன்

சுகந்தி சரி என்றாளாம்.

காலையிலிருந்து கழற்றுகிறேன். திரைகளைத் துவைத்து மாடியில் உலர்த்தினேன். ஜமக்காளத்தைத் தட்டினேன். மெத்தையை வெயிலில் புரட்டிப் போட்டேன். திண்டு உறைகளை மாற்றினேன். மெர்சி மாடிக்கு வந்தவர், ஒன்றும் கேட்காமல் ஜமக்காளத்தின் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவினார்.

செப்டம்பர் 17, ஞாயிறு

டெம்போவில் ஏற்றிப் போனேன். கம்பி மாட்ட ஒரு ஆள் வந்திருந்தார். துளை போடும் சத்தத்துக்காக எல்லாரையும் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார்கள். சாப்பாட்டு மேஜைப் பக்கம் ஜமக்காளம் வேண்டாம், கால் தடுக்கும் என்றார்கள். அது சரிதான். அதைச் சுவரில் தொங்கவிட்டோம். ஜன்னல் ஓரம் நெடுகத் திரை. மெத்தையைப் பிரித்து இரண்டு தடுப்பாகத் தைத்து வைத்திருந்தேன், லோகுவின் மூலைக்கு இரண்டு பக்கமும் அவை.

முடிந்து கையைத் தட்டிப் பார்த்தேன். பாட்டு அறை அளவுக்கு வராது. கூடம் பெரிது. ஆனாலும் தட்டின் அலறல் போய்விட்டது.

எல்லாரும் திரும்பி வந்தார்கள். டிவி போட்டார்கள். நான் ஏணியில் நின்று கடைசித் திரையின் மடிப்பை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். பணிப்பெண் லோகுவைக் கொண்டுவந்து அவள் இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து லோகு ஒரு காதிலிருந்து கையை எடுத்தாள். சுற்றிப் பார்த்தாள். பிறகு அடுத்த கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று ஜமக்காளத்தில் உட்கார்ந்தபோது வந்த அதே குரலில் பேசினாள். என்னைத்தான்.

"ஏனுங்க, திரை போடறவரே. கொஞ்சம் எறங்குங்க, ஒண்ணு கேக்கோணும்."

இறங்கினேன். தூணுக்கு அந்தப் பக்கமே நின்றேன். கிட்டே வரச் சொல்லிக் கையை ஆட்டினாள். பணிப்பெண்ணைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். போய்க் குனிந்தேன். என் முகத்தை நேராகப் பார்த்தாள், அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினாள்.

"ஊட்டுல ஒரு ஆளு இருந்தானுங்க. அவன் இங்கெல்லாம் வருவானுங்களா?"

என் கையில் துணிக் கொக்கிகள் இருந்தன.

"வரமாட்டானுங்க, டீச்சர்" என்றேன்.

"நெசமாலுமா?"

"நெசமாலும் வரமாட்டான்."

அவள் என் கையை இரண்டு முறை தட்டிக்கொடுத்தாள், ஓட்டத்தில் ஜெயித்த பிள்ளைக்குக் கொடுப்பதுபோல. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். நான் ஏணியை மடக்கினேன்.

செப்டம்பர் 18, திங்கள்

கதவோரத் திரையில் இன்னும் சில கொக்கிகள் மாட்டவேண்டியிருக்கிறது. கம்பிக்காரரைப் போய் மாட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். மீதிக் கொக்கிகளை அவரிடமே கொடுத்துவிட்டேன்.